கமிட்டி நாற்காலி

வேப்பகுண்டா அப்பாவு தன் வாயாலேயே தன் பெண்டாட்டி பெயரைச் சொன்னான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகும் அவனைப் பார்த்து யாராவது பரிதாபப்பட்டால் அது அவர்கள் பாடு.

வடமாலபேட்டையைத் தாண்டிப் புத்தூர் போகிற சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த யூனிவர்சிட்டி. அப்பாவு அங்கே தண்ணீர் திறந்து விடுகிறவன். விடிவதற்கு முன்பே பெரிய திருகுசாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்புவான். எந்த விடுதிக்கு எப்போது தண்ணீர், எந்த வால்வு இறுகிக்கொண்டது, எந்தப் போர்வெல் மண்ணைக் கக்குகிறது என்று வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போவான். பேச்சு என்றால் அவனுக்கு உயிர். தெலுங்குக்காரரிடம் தெலுங்கில், ஊர்க்காரரிடம் தமிழில், வடக்கத்திப் பிள்ளைகளிடம் அவனுக்கே உரிய ஒரு இந்தியில். அவன் பெண்டாட்டி கல்பனா பெண்கள் விடுதி மெஸ்ஸில் சமையல். இட்லிக் கொப்பரையின் ஆவியில் முகம் வெந்து, சாம்பார் அண்டாவுக்குக் கத்தரிக்காய் அரிந்து, நாஷ்டா முடிந்தால் மதியச் சோறு, அது முடிந்தால் ராத்திரிக்குச் சப்பாத்தி. இரண்டு பேரும் அவுட்சோர்சிங் ஆட்கள்தான், நிரந்தரம் கிடையாது. ஒரே மகள் தரணி இண்டர், அதாவது ப்ளஸ் டூ, படிக்கிறாள்.

பங்குனியில் அங்கே ஒரு புதுப் பேச்சு கிளம்பியது. இன்னும் பத்து வருஷத்தில் யூனிவர்சிட்டி எப்படி இருக்க வேண்டும் என்று பெரிய திட்டம் ஒன்று எழுதப்போகிறார்கள். மேலே இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினால் போதாதாம். பிள்ளைகள், வாத்தியார்கள், ஆபீஸ்காரர்கள், தோட்டம் கூட்டுகிறவர்கள் வரைக்கும் எல்லோரையும் கேட்டுத்தான் எழுத வேண்டுமாம். இதற்குப் பொறுப்பு ஹரிதா மேடம். குண்டூர்ப் பக்கத்துப் பெண், மேனேஜ்மெண்ட் பாடம் நடத்துகிறவர், வயது குறைவு, நம்பிக்கை அதிகம். அவர் மெஸ்ஸுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வேலைக்காரர்களைக் கூட்டி, கமிட்டியில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு, யார் வருகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கோயில் கமிட்டிக்கோ பஞ்சாயத்துக்கோ ஆள் சொல்லும்போது எவனும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள மாட்டான். முதலில் இன்னொருவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவர், 'எனக்கு எதுக்குப்பா, நீயே இரு' என்று திருப்பித் தருவார். கூட்டமும் 'ஆமா, நீயே இரு' என்னும். அப்புறம் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிவிட்டுப் போய் உட்காரலாம். அன்றைக்கு அப்பாவு கஞ்சி போட்ட சட்டை போட்டு வந்திருந்தான். எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவன் தொண்டையைக் கனைத்து, "மா கல்பனா உந்தி மேடம்" என்றான், எங்க கல்பனா இருக்கா என்று. பெண்டாட்டியைவிடப் பத்திரமாகத் திருப்பித் தருகிறவர் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

ஹரிதா மேடத்துக்கு இந்த வழக்கம் எங்கே தெரியும். ஒரு பெண் வருகிறாள் என்ற சந்தோஷத்தில் அவர் கை தட்டினார். மெஸ் பெண்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

"எனக்கு இன்னா தெரியும், அவரே இருக்கட்டும்" என்று கல்பனா முறையாகத்தான் சொன்னாள்.

"நீயே இரு மே" என்றாள் பக்கத்தில் நின்ற மல்லிகா. "ஆம்பளைங்க போனா டீ குச்சிட்டு வந்துருவானுங்க."

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தான். அன்றைக்குச் சாயந்திரம் பேட்டையில் டீக்கடையில் நின்று, "நான்தான் அவ பேரச் சொன்னேன். பொம்பளைங்களும் முன்னுக்கு வர்ணும் இல்ல" என்று நாலு பேரிடம் சொன்னான்.

முதல் மீட்டிங்கில் யூனிவர்சிட்டி பத்து வருஷத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கல்பனாவின் முறை வந்தபோது, "பத்து வருஷம் கழிச்சு நாங்க இங்க இருப்போமா சார், அத மொதல்ல சொல்லுங்க" என்று தெலுங்கில் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். வயிற்றுப்பாட்டைக் கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் அதைப் பேப்பர்காரர் ஒருவர் எழுதிக்கொண்டார். மறுநாள் தெலுங்கு பேப்பரில் ஜில்லாப் பக்கத்தில் அவள் போட்டோ வந்தது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில், மைக், அதற்குப் பின்னால் மஞ்சள் சேலையில் கல்பனா.

அப்பாவுக்கு வயிறு எரிந்தது. இதை வேறு மாதிரிச் சொல்ல வேண்டியதில்லை. போட்டோவைப் பார்த்தான், மடித்து வைத்தான், மறுபடி எடுத்துப் பார்த்தான். அந்த மைக் முன்னால் தான் உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் பேசியிருப்பேன் என்று வால்வு திறக்கும்போதெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டான். 'கல்பனா வீட்டுக்காரரே' என்று செக்யூரிட்டி கூப்பிட்டால் திரும்பாமல் போனான். அவனுடைய சூப்பர்வைசரே ஒருநாள், "புது மோட்டார் விஷயத்த உங்க வீட்ல சொல்லி மீட்டிங்ல எடுக்கச் சொல்லு" என்றபோது அவனுக்குக் கையிலிருந்த திருகுசாவியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. பதினைந்து வருஷமாக மோட்டாரைப் பற்றிப் பேசுகிறவன் அவன்.

இதற்குள் கல்பனாவின் கேள்விக்குப் பதில் ஒரு மாதிரியாக வந்துவிட்டது. திட்டத்தின் வரைவில் மெஸ்ஸை எல்லாம் வெளிக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. கம்பெனி வந்தால் அதன் ஆட்களும் அதன் மெஷின்களும் வரும். வேப்பகுண்டாவிலும் சுற்று ஊர்களிலும் இருந்து வருகிற மெஸ் பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிள்ளைகள் எங்களுக்கு இந்தச் சாம்பாரே போதும் என்றார்கள். ஹரிதா மேடமும் கல்பனா பக்கம்தான். எதிரே நின்றவர் ரங்கையா. அசிஸ்டெண்ட் ரிஜிஸ்ட்ரார், திருப்பதிக்காரர், அதிராமல் பேசுகிறவர்.

"மெஸ்ல லீக்கேஜ் கீது. சாமான் வெளிய போவுது. தூக்குல சோறு, சாம்பார். அதான் நஷ்டம்" என்றார் அவர், கல்பனாவுக்காகத் தமிழிலேயே.

"கேட்ல எங்க பைய அவுத்துப் பாத்துக்கோங்க சார்" என்றாள் கல்பனா.

"இப்ப சரி. முன்னால?"

கல்பனா ஹரிதா மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். "எப்பவும் இல்ல சார்" என்றாள்.

அது பொய். பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சியதை மெஸ் பெண்கள் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுபோவது வெகுநாளாக நடப்பதுதான். கொட்டினால் பன்றிக்குப் போகும், கொண்டுபோனால் பிள்ளைக்கு ஆகும் என்று யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. ஆனால் அந்த ஹாலில், மைக் முன்னால், அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மீட்டிங் முடிந்து வந்ததும் மெஸ்ஸில் அத்தனை பேரையும் கூப்பிட்டு, "ப்ளான் முடியிற வரைக்கும் ஒரு பருக்க வெளிய போவக்கூடாது. என் தலைமேல கைய வெச்சுச் சொல்லுங்க" என்றாள். மல்லிகா முதல் ஆளாகக் கை வைத்தாள்.

இதில் முதல் அடி அப்பாவுக்குத்தான் விழுந்தது. ராத்திரியானால் தூக்கைத் திறந்து சாம்பார் வாசனை பிடித்தே பழகிய மூக்கு அது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழிக் குழம்பு அடியில் நாலு துண்டாவது கிடக்கும். இப்போது சங்கட்டி என்கிற கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும்தான்.

"இன்னா மே இது, தினமும் இதே" என்றான்.

"துன்னுய்யா. ஊரே இதத்தான் துன்னுது."

"கமிட்டில குந்துனதும் ஊட்டுல சோறே போச்சு."

"இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்க. வேல நின்னுச்சுன்னா இந்தச் சங்கட்டியும் இருக்காது."

"நான் போயிருந்தா இந்தக் கம்பெனிப் பேச்சே வந்திருக்காது. அந்த ரங்கையாவ ஒரு வார்த்தைல மடக்கியிருப்பேன்."

"அப்பன்னா நீயே போயிருக்கணும். ஏன் என் பேர சொன்னே?"

பெயரைச் சொன்னது நீ திருப்பித் தருவாய் என்றுதான் என்று எப்படிச் சொல்வான். கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுந்தான். தரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

சித்திரை போய் வைகாசி வந்தது. தோத்தாபுரி மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஃபாக்டரிகளுக்குப் போனது. வெயில் மலையில் பட்டுத் திரும்பி ஊருக்குள் வந்தது. போர்கள் வறண்டு, அப்பாவு டாங்கர் லாரிக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தான். வேப்பகுண்டாவில் கங்கம்மா ஜாத்திரை சாட்டினார்கள்.

நம் பக்கத்து ஜாத்திரைகளில் ஆண்கள் வேஷம் கட்டுவார்கள். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு நாள். அதில் பண்ட வேஷம் என்று ஒன்று. உடம்பெல்லாம் குங்குமத்தைப் பூசிக்கொண்டு, கழுத்தில் கனகாம்பர மாலை, கையில் வேப்பிலை, எதிரே வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போக வேண்டும். ஊர்த் தலைவரானாலும் போலீஸ்காரரானாலும் திட்டு வாங்கியவர் கும்பிட்டுக் குனிந்து, அவன் கையால் நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொள்ள வேண்டும். அது அம்மன் வாய். கோபித்துக்கொள்ளக் கூடாது, வீட்டுக்குப் போய் நினைத்துப் பார்க்கவும் கூடாது. திட்டுகிறவனுக்கும் ஒரு கட்டு உண்டு. எதிரே யார் வந்தாலும் திட்ட வேண்டுமே தவிர, தன் வஞ்சத்தை வாயில் வைத்துக்கொண்டு வேஷம் கட்டக்கூடாது.

அப்பாவு இந்த வருஷம் பண்ட வேஷம் கட்டுகிறேன் என்றான். தரணிக்கு நல்ல காலேஜில் சீட்டு கிடைக்க மொக்கு, வேண்டுதல் என்றான். கல்பனா நெகிழ்ந்துபோனாள். ரெண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷன் பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிறானே என்று, பேட்டைக்குப் போய்க் குங்குமத்தை அவளே கிலோக் கணக்கில் வாங்கி வந்தாள். வேஷம் கட்டுகிற அன்று காலையில் அவன் முதுகுக்குப் பூசிவிட்டதும் அவள்தான்.

"கண்ணுல படாம பாத்துக்க. எரியும்" என்றாள்.

அன்றைக்கு ஹரிதா மேடமும் வந்தார். திட்டத்தில் சுற்று ஊர்க்காரர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும், அவர்களையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவரைக் கல்பனாதான் ஜாத்திரைக்கு அழைத்திருந்தாள். ரங்கையாவும் கூட வந்தார். கோயில் முன்னால் அம்பலிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேடம் சொம்பை வாங்கி, அதில் மிதந்த வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குடித்தார். கல்பனா பக்கத்தில் நின்று எது என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இருக்கட்டுமே, அதில் என்ன தப்பு.

பறைச் சத்தத்தோடு அப்பாவு தெருமுனையில் திரும்பினான். தலைமுதல் கால்வரை சிவப்பு. எதிரே வந்த வார்டு மெம்பரைத் திட்டினான், மாங்காய் வியாபாரியைத் திட்டினான், சொந்த மாமனைத் திட்டினான். எல்லோரும் சிரித்துக்கொண்டே குனிந்து குங்குமம் வாங்கினார்கள். ரங்கையா முன்னால் வந்தபோது, "ஏசி ரூம்ல குந்தினு ஊரான் சோத்துல மண்ணப் போடற தடியா" என்றான். ரங்கையா திருப்பதிக்காரர் இல்லையா, கண்ணை மூடிக் கும்பிட்டுப் பக்தியோடு நெற்றியை நீட்டினார். அதோடு நகர்ந்திருந்தால் ஊரே அவனைக் கொண்டாடியிருக்கும்.

அடுத்து நின்றவள் கல்பனா. பக்கத்தில் மேடம், கையில் அம்பலிச் சொம்பு.

"வாடி கமிட்டி" என்றான்.

கூட்டம் சிரித்தது. கல்பனாவும் சிரித்துக்கொண்டு கை கூப்பினாள்.

"மைக்குல பேசுனா நீ பெரிய மனுசி ஆயிட்டியா? ஊட்டுக்காரன் வெளிய தெரியல, பேப்பர்ல நீ தெரியிறே. பத்து வருசமா ஆஸ்டல் சாம்பார தூக்குல அள்ளினு வந்து எனக்கு ஊத்துனவ, ஆஸ்டல் கோயிக்கறிய எம்புள்ளைக்குத் துன்னக் குடுத்தவ, இன்னிக்கி ஒரு பருக்க எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்றியா? யார்கிட்ட காட்டுறே ஒன் யோக்கியத்த?"

சிரிப்பு பாதியில் நின்றது. பறை அடிக்கிறவன் மட்டும் இன்னும் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினான். மெஸ் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மேடத்துக்குத் தமிழ் அரைகுறைதான் என்றாலும் ஆஸ்டல், சாம்பார், தூக்கு எல்லாம் எந்தப் பாஷையிலும் விளங்குகிற சொற்கள். மீதிக்கு ரங்கையா இருந்தார்.

கல்பனா கூப்பிய கையை எடுக்கவில்லை. வழக்கப்படிக் குனிந்து நெற்றியை நீட்டினாள். அப்பாவு குங்குமம் வைத்தான். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் பறை மறுபடி தொடங்கிவிட்டது. அம்மன் வாய் நிற்கக் கூடாது. அடுத்து நின்ற ஆளைத் திட்டிக்கொண்டே அவன் போக வேண்டியிருந்தது.

மறுநாள் ரங்கையா மெஸ் பக்கம் வந்தார். "வேஷத்துல சொன்னத மனசுல வெக்கக் கூடாதும்மா. நான் எங்கியும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் நேராகவே திட்டியிருக்கலாம்.

ஹரிதா மேடம் சுற்றி வளைக்காமல் கேட்டார். "நிஜமேனா கல்பனா?"

"நிஜம்தான் மேடம். மிஞ்சுனது."

"மிஞ்சினதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நானே உங்களுக்காகப் பேசியிருப்பேனே. இப்ப நான் என்ன சொல்றது?" என்றார் அவர் தெலுங்கில். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகச் சொன்னார்.

கல்பனாவுக்கு அதற்குமேல் அந்த முகத்துக்கு எதிரே உட்கார முடியாது என்று தெரிந்துவிட்டது. இனி நான் வரவில்லை மேடம் என்று சொல்லிவிட்டு வந்து, இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மல்லிகா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"மேடம் முன்னால பொய் சொல்லிட்டு திரும்ப எப்பிடி மே போவேன்" என்றாள் கல்பனா.

"அப்ப கடைசி மீட்டிங்குக்கு ஆரு போறது? அன்னிக்கித்தான மெஸ்ஸு விசயம் முடிவாவுது?"

கல்பனா கொப்பரை மூடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

"ஒன் ஊட்டுக்காரனையே அனுப்பு. அதான் வாய் கீதே. அங்க போயி காட்டட்டும்" என்றாள் மல்லிகா.

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் வேறு ஆளும் இல்லை. போகிறாயா என்று மல்லிகா கேட்டபோது, அப்பாவு இந்த முறை யார் பெயரையும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். ஜாத்திரையிலிருந்து அவனும் கல்பனாவும் பேசிக்கொள்வதில்லை. தட்டு வைப்பாள், அவன் சாப்பிடுவான். இதைச் சரி பண்ணிவிடலாம் என்று அவன் நிஜமாகவே நினைத்தான். ரங்கையா என்ன சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று டாங்கர் குழாயைப் பிடித்துக்கொண்டு ரெண்டு நாள் பேசிப் பார்த்தான். அவனுக்குள் ஒரு மூலையில் ஆசையும் இருந்தது. கஞ்சி போட்ட சட்டையை அவனே தேய்த்துக்கொண்டான்.

ஹாலில் ஏசிக் குளிர் எலும்பைத் தொட்டது. நாற்காலி உட்கார்ந்தால் பின்னால் சாய்ந்தது, முன்னால் வந்தால் நகர்ந்தது. நுனியில் உட்கார்ந்துகொண்டான். எதிரே ரங்கையா. அவரைப் பார்த்ததும் ரெண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போயிற்று. மெஸ்ஸைப் பற்றி வாயைத் திறந்தால் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. பத்து வருஷமாக உன் வீட்டில் என்ன சாம்பார்?

"அப்பாவு காரு, மீரு செப்பண்டி" என்றார் ஹரிதா மேடம், நீங்கள் சொல்லுங்கள் என்று. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். கடைசியில், "சம்மர்ல நீள்ளு ப்ராப்ளம் உந்தி சார். புது மோட்டார் காவாலி" என்றான். தண்ணீர் இல்லை, மோட்டார் வேண்டும், அவ்வளவுதான்.

"மஞ்சி பாயிண்ட்" என்று மெச்சினார் ரங்கையா. யாரோ குறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மெஸ் விஷயம் வந்தது. பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு பெண் ரொம்ப நேரம் பேசினாள். ஹரிதா மேடம் இரண்டு முறை அப்பாவு பக்கம் திரும்பினார். அவன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்காரர்கள் தரப்பில் ஆட்சேபம் ஏதாவது உண்டா என்று கேட்டபோது அவன் வாயிலிருந்து வந்தது, "லேது சார்." ஒன்றும் இல்லையாம்.

போட்டோ எடுத்தார்கள். அவன் ஓரத்தில் நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கல்பனா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மல்லிகா பக்கத்தில். இருவரும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஜாத்திரைக்குப் பிறகு முதல் முறையாகக் கல்பனா அவனிடம் பேசினாள்.

"இன்னா ஆச்சு?"

"கம்பெனிக்குத்தான். ஆடி மாசத்துல இருந்து."

மல்லிகா முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, தெருவில் இறங்கி நடந்தாள்.

"நீ இன்னா பேசுனே?"

"மோட்டாரப் பத்தி சொன்னேன்."

"எங்களப் பத்தி?"

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நின்றான். கல்பனா கீரைக் காம்பை ஒடித்து முறத்தில் போட்டாள். பிறகு கோபமே இல்லாமல் கேட்டாள்.

"அவங்களயும் ஒரு வார்த்த திட்டிட்டு வந்திருக்கக்கூடாதாய்யா?"